சிப்பா, கார்டா? மூணு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பழைய பிஎஸ்2-வும்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு என் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) ஸ்லிம், உள்ளே டிஸ்க்கே இல்லாமல் ஒரு ஆட்டத்தை ஓட்டிவிட்டது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போல இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "இதுக்குத்தான் மூணு வாரமா சாப்பாட்டு மேஜையப் புடிச்சு வெச்சிருந்தியா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

பெட்டி 77000 வரிசை ஸ்லிம். 2007-ல் அப்பா வாங்கித் தந்தது. இத்தனை வருஷத்தில் லென்ஸ் தளர்ந்துபோய்விட்டது. நீல அடி சிடி என்றால் மனசிரங்கிப் படிக்கும். டிவிடி என்றால் நாலு தரம் கரகரத்துவிட்டுக் கைவிரிக்கும். ஸ்லிம் வைத்திருப்பவர்களுக்கு அதன் இன்னொரு வியாதியும் தெரிந்திருக்கும்: லென்ஸுக்குப் போகிற ரிப்பன் கேபிள் மேலே எழும்பி, சுற்றுகிற டிஸ்க்கின் அடியில் கோலம் போட்டுவிடும். என்னிடம் இருக்கிற பதினாலு ஒரிஜினல் டிஸ்க்கில் நாலு அப்படிப் போயின. அதில் ஒன்று ஹைதராபாத்தில் செய்து 2009-ல் வந்த அனுமான் ஆட்டம். உண்மையைச் சொன்னால் ஆட்டம் சுமார்தான். ஆனால் நம் ஊரிலேயே உருவாகி பிஎஸ்2-க்கு வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தூக்கிப்போட மனசு வரவில்லை.

ஆக, டிஸ்க்கைப் படித்து ஃபைலாக எடுத்து, அந்த ஃபைலை ஓட்டும்படி பெட்டியின் பூட்டைத் திறந்துவிட வேண்டும். சிப் வைப்பதா, மெமரி கார்டில் மென்பொருள் ஏற்றுவதா என்பதுதான் கேள்வி.

எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. சிப்தான். போர்டைக் கழற்றி, இருபது வயர் இழுத்து, மூடி, பட்டனை அழுத்தினால் வேலை செய்யவேண்டும். அதுதான் கெத்து. கார்டைச் செருகுவது சோம்பேறிகளுக்கானது என்று நண்பனிடம் பேசிவேறு வைத்திருந்தேன். அந்த வாய்க்கொழுப்புக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போயின.

முதல் ஞாயிறு பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோடுக்கு. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடை. ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடைக்கு ஷட்டர் என்பது தெரிந்தும் போனேன். மற்ற நாள் எனக்கு ஷிஃப்ட். சிப்பை முன்பே ஆன்லைனில் வாங்கியாயிற்று, பழைய மேட்ரிக்ஸ் சிப்பின் சீன நகல். தேவை வயர். 30 கேஜ் ராப்பிங் வயர் என்று கேட்டால் முதல் மூன்று கடையில் ரிப்பன் கேபிளைப் பிரித்துக் கொடுக்கப் பார்த்தார்கள். நாலாவது கடைப் பெரியவர் ஒன்றும் பேசாமல் ஏணியில் ஏறி, தூசி படிந்த ஒரு நீலச் சுருளை எடுத்து மேஜையில் வைத்தார். "சிப் ஹாக்தீரா?" (சிப் வைக்கிறீங்களா) என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அடுத்த வாரம் புரிந்தது.

இப்போது அந்த வயர் கதைக்கு வருகிறேன். சோல்டரிங் தெரியாதவன் இல்லை நான். ஸ்பீக்கர், கிட்டார் பெடல், அப்பாவின் டிரான்சிஸ்டர் எல்லாம் பார்த்த கைதான். ஆனால் அதெல்லாம் ஓட்டைக்குள் கால் நுழைகிற வேலை. இங்கே சில இடத்தில் ஐசியின் கால், சில இடத்தில் கடுகு அளவுகூட இல்லாத புள்ளி. ஐசியின் ரெண்டு காலுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. வயரின் உறையை ஒரு மில்லிமீட்டர்தான் உரிக்கவேண்டும்; ரெண்டு உரித்தால் பக்கத்துக் காலைத் தொடும். நகவெட்டியால் உரித்துப் பார்த்தேன், செம்பும் சேர்ந்து அறுந்தது. கடைசியில் பிடிபட்ட வழி: அயர்ன் நுனியை உறைமேல் லேசாக வைத்தால் அது தானே சுருங்கிப் பின்வாங்கும், தேவையான அளவுக்கு மட்டும் செம்பு தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மீட்டர் வயர் வீண்.

ஈயம் ஒட்ட உதவுகிற ஃபிளக்ஸை முதலில் தடவு, காலில் துளி ஈயம் வை, வயர் நுனியிலும் ஈயம் பூசு, ரெண்டையும் சேர்த்து அரை நொடி தொட்டு எடு. சேர்க்கும்போது புது ஈயம் கொண்டுவராதே. இது விதி. இந்த வரிசையில் பதினோரு வயர் அழகாக உட்கார்ந்தன. செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்து எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டாவது வயரை வைக்கும்போது அம்மா கூப்பிட்டார். திரும்பினேன். அயர்ன் அங்கேயே மூன்று, நாலு நொடி நின்றுவிட்டது. எடுத்தால் வயரோடு பேடும் சேர்ந்து வந்துவிட்டது. செம்புத் தகடு, எறும்புத் தலை அளவு, வயர் நுனியில் மினுக்கிக்கொண்டு.

தப்பு முழுக்க என்னுடையதுதான். 25 வாட் அயர்ன், தடித்த நுனி, வெப்பம் குறைக்க வழி கிடையாது. இந்த வேலைக்கு டெம்ப்ரேச்சர் கன்ட்ரோல் ஸ்டேஷன் வேண்டும் என்று பத்துப் பேர் சொல்லியிருந்தார்கள். நான் கேட்கவில்லை.

ரெண்டாவது ஞாயிறு முழுக்க அந்த ஒரு பேடுக்கு. அது எந்தக் கோட்டில் போய்ச் சேருகிறது என்று மல்டிமீட்டரின் பீப்பை வைத்துத் தேடி, பச்சைப் பூச்சைப் பிளேடு முனையால் சுரண்டி, மூன்று மில்லிமீட்டர் தள்ளி செம்பை வெளியே கொண்டுவந்து, அங்கே வயரை உட்கார வைத்தேன். மேலே வெப்பம் தாங்குகிற கேப்டான் டேப். மிச்ச எட்டு வயரும் முடிந்தன. மூடாமல் பவர் கொடுத்தேன்: சிவப்பு, பச்சை, திரையில் சிப்பின் படம்! வீடே கேட்கிற மாதிரிக் கத்தினேன். அப்புறம் தகரக் கவசத்தை வைத்துத் திருகை முடுக்கினேன். சிவப்பு, பச்சை, அணைந்தது. மறுபடி. அணைந்தது. கழற்றிப் பார்த்தால் தகரத்தின் ஓரம் ரெண்டு வயரை நசுக்கி உறையைக் கடித்திருந்தது. வேறு வழியாகத் திருப்பிக் கட்டினேன். இந்தத் தடவை ஏற்கெனவே ஒட்டுப்போட்ட அந்தப் பேடு வயர் விட்டுப்போயிற்று. மணி ராத்திரி ஒன்று. எல்லா வயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன். சிப் இல்லாமல் பெட்டி பழையபடி எழுந்தது. அதுவே பெரிய புண்ணியம்.

அன்று படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் மண்டையில் உறைத்தது. சிப் என்ன செய்கிறது? டிரைவ், போட்ட டிஸ்க் ஒரிஜினல்தானா என்று சோதிக்கும்போது "ஆமாம்" என்று நடுவில் நின்று பொய் சொல்கிறது. அதன் முக்கிய வேலையே டிஸ்க்கைச் சுற்றித்தான். என் பெட்டியில் செத்துக்கொண்டிருப்பதோ லென்ஸ். குருடனுக்குக் கண்ணாடி போட ரெண்டு வாரம் பாடுபட்டிருக்கிறேன்.

கார்டு வழி வேறு கதை. பிஎஸ்2 எழுந்ததும், தன் மெனுவைக் காட்டும் முன், மெமரி கார்டில் சிஸ்டம் அப்டேட் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதை ஓட்டும். சோனியே வைத்த வாசல்தான். 2008-ல் வந்த ஃப்ரீ எம்சி பூட் என்கிற மென்பொருள் அந்த வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. போர்டைத் தொட வேண்டாம், லென்ஸ் வேண்டாம். 90000 வரிசையின் கடைசி நாள் பெட்டிகளில் மட்டும் சோனி அந்த வாசலை அடைத்துவிட்டது. என் 77000-க்குப் பிரச்சினை இல்லை.

ஆனால் கார்டில் அதை ஏற்ற, பொதுவாக ஏற்கெனவே திறந்த ஒரு பிஎஸ்2 வேண்டும். முட்டையா கோழியா கதை. ஏற்றிய கார்டையே விலைக்கு விற்கிறார்கள், தெரியும். ஆனால் அது தோல்வியை ஒத்துக்கொள்வது மாதிரி.

மாடி வீட்டு அண்ணன் ஞாபகம் வந்தார். அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது ஒரு ஃபேட், அதாவது பழைய தடித்த பிஎஸ்2, கொண்டுவந்திருந்தார். மாடல் 39001. இங்கே வந்ததும் கடையில் கொடுத்துச் சிப் வைத்தார். 2006 வாக்கில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். லாஃப்டில் இருந்து இறக்கினோம். கூடவே அதன் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வந்தது. அது 120 வோல்ட் பெட்டி, நம் லைனில் நேராகச் செருகினால் அன்றோடு தீபாவளி. டிரான்ஸ்ஃபார்மர் மூன்று கிலோ இருக்கும். போட்டதும் வண்டு மாதிரி ரீங்காரம். இருபது வருஷம் முன்பு யாரோ வைத்த சிப் முதல் தடவையிலேயே எழுந்தது. மேல்மூடியைத் திறந்து அந்தக் கைவேலையைப் பார்க்க ஆசையாக இருந்தது. "தொட்டே, தொலைச்சிருவேன்" என்றார் அண்ணன். நியாயம்தான்.

அடுத்த தலைவலி சிடி-ஆர். யுலாஞ்ச்எல்ஃப் என்கிற ஃபைல் மேனேஜரை ஒரு சிடியில் எழுதினால் சிப் வைத்த பெட்டியில் ஓடும், அதிலிருந்து மீதியைப் பென்டிரைவில் வைத்து ஏற்றலாம். ஆனால் காலி சிடி எங்கே கிடைக்கிறது இப்போது? எஸ்பி ரோடில் "சிடியா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். கடைசியில் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில், மஞ்சளாகிப்போன உறைக்குள் ஒன்பது மிச்சமிருந்தன. ஒன்பதையும் வாங்கிவிட்டேன். யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.

முதல் முயற்சி, 64 எம்பி என்று அச்சடித்த மலிவுக் கார்டில். ஏற்றும்போது பாதியில் பிழை. அந்தக் கார்டில் மேஜிக்கேட் என்கிற சோனியின் பாதுகாப்பு வசதி கிடையாது. அது இல்லாமல் இந்த வேலை நடக்காது. காசு போச்சு. ரெண்டாவது, என் பழைய ஒரிஜினல் 8 எம்பி கார்டு. ஏறிவிட்டது! இறங்கி ஓடிவந்து என் ஸ்லிம்மில் செருகினால் ஒன்றும் இல்லை, வழக்கமான மெனு. பத்து நிமிஷம் பித்துப் பிடித்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: நான் தேர்ந்தெடுத்தது சாதாரண ஏற்றம். அது ஏற்றுகிற பெட்டிக்கு மட்டும் பொருந்தும். அண்ணன் பெட்டி அமெரிக்கா, என்னுடையது நம் ஊர் டிவி முறையான பிஏஎல் (PAL) பெட்டி. ஒவ்வொரு பிராந்தியத்துப் பெட்டியும் கார்டில் வேறு பெயருள்ள ஃபோல்டரைத் தேடும். மறுபடி மாடி, மறுபடி ரீங்காரம், இந்தத் தடவை எல்லா மாடலுக்கும் என்கிற தேர்வு. கீழே வந்து செருகினேன். மெனு மாறியிருந்தது.

வயர் ஒன்றுகூட இல்லை. மொத்தம் நாற்பது நிமிஷம், படிக்கட்டு ஏறி இறங்கியதையும் சேர்த்து. கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

டிஸ்க்குகளை லேப்டாப்புக்கு ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவ் போட்டுப் படித்தேன். அனுமான் டிஸ்க்கை பிஎஸ்2 தொடவே மறுத்தது. லேப்டாப் டிரைவ் கோட்டுக்குக் கோடு நின்று, முனகி, ஒன்றேகால் மணி நேரத்தில் முழுதும் எடுத்துவிட்டது. ஃபைலிலிருந்து ஆட்டத்தை ஓட்டுகிற ஓபிஎல் மென்பொருள் வழியாக பென்டிரைவிலிருந்து முதலில் ஓடியது அதுதான். பென்டிரைவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புதிதாக ஃபார்மேட் செய்துவிட்டு ஒவ்வொரு ஃபைலாகப் போடுங்கள். துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் ஓபிஎல் முரண்டுபிடிக்கும். பென்டிரைவின் ஃபார்மேட் ஃபேட்32 என்றால், 4 ஜிபி-க்கு மேலான ஃபைலைப் பிரித்துத்தான் போடவேண்டும்.

குறை உண்டு. மற்ற ஆட்டங்களில் ஓட்டம், சண்டை எல்லாம் சரி. நடுவில் வருகிற வீடியோ மட்டும் திக்குவாய் மாதிரி நின்று நின்று ஓடுகிறது. பிஎஸ்2-வின் யூஎஸ்பி பழைய 1.1. நொடிக்கு ஒரு எம்பி வந்தால் பெரிசு. அதன் டிவிடி டிரைவோ 4 மடங்கு வேகத்தில் ஐந்து எம்பிக்கு மேல் படிக்கிற ஜாதி. இந்த ஒரு விஷயத்தில் சிப்காரர்கள் சிரிக்கலாம்.

அதனால் அடுத்தது நெட்வொர்க். ஸ்லிம்மின் முதுகில் லேன் போர்ட் சும்மா கிடக்கிறது. ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கணினி ஒன்றில், ஃபைலை நெட்வொர்க்கில் பகிர்கிற சாம்பா மென்பொருளைப் போட்டிருக்கிறேன். ஓபிஎல்லுக்குப் பழைய எஸ்எம்பி 1 பகிர்வு முறைதான் புரியும், அதைக் கட்டாயப்படுத்தித் திறக்கும் இடத்தில் நிற்கிறேன். இரண்டாவது மெமரி கார்டு ஸ்லாட்டில் போடுகிற மைக்ரோ எஸ்டி அடாப்டரும் கண்ணில் படுகிறது. காம்பொனென்ட் கேபிளும் வாங்கணும், இப்போதிருக்கிற மஞ்சள் வயரில் டிவிப் படம் ஊறவைத்த மாதிரி இருக்கிறது. எஸ்பி ரோடு பெரியவரிடமே கேட்கலாம் என்றிருக்கிறேன், அவர் சிரிக்காமல் இருந்தால்.

இதற்கு நடுவில் ஒரு லென்ஸும் சொல்லிவைத்துவிட்டேன், மிச்சம் பத்து டிஸ்க் நன்றாகத்தானே இருக்கின்றன. வியாழக்கிழமை வரும். புது லென்ஸின் போர்டில் நிலைமின்னிலிருந்து காக்க ஒரு பொட்டு ஈயம் வைத்து அனுப்புவார்கள். ரிப்பனை மாட்டியபிறகு அதை எடுக்கவேண்டும், கடுகளவு இடம். மேஜை இன்னும் அம்மாவுக்குத் திரும்பவில்லை.