நான் எழுதிய பிறந்த தேதி

2005 ஜூன். பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். சேர்க்கை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், செங்கல் சூளையில் வேலை பார்க்கும் தம்பதி தங்கள் பையனைக் கூட்டி வந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை. "பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் பொறந்தான் சார்" என்றார் அம்மா. எந்த வருஷம் என்று கேட்டதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பையனை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னேன். விரல் நுனி தொட்டது. சேர்க்கைப் பதிவேட்டில் 3.6.2000 என்று எழுதினேன். ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி ஜூன் மாதத் தேதி எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 2017 ஜூலையில், அவனுடைய அப்பா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பையன் வேறு இருவரோடு பைக்கில் போய், கோயிலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த 68 வயது அம்மா ஒருவரின் சங்கிலியை அறுத்திருக்கிறான். அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. காவல் நிலையத்தில் 19 வயது என்று எழுதிக் கிளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், மதிப்பெண் சான்றிதழ் கிடையாது. வயதைக் காட்ட அந்தக் குடும்பத்திடம் இருந்த ஒரே தாள் எங்கள் பள்ளி கொடுத்த ரெக்கார்டு ஷீட்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவை அப்போதுதான் படித்தேன். வயதில் சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பள்ளிச் சான்றும் பத்தாம் வகுப்புச் சான்றும். அதற்கு அடுத்ததுதான் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று. எதுவுமே இல்லாவிட்டால் எலும்புச் சோதனை. நான் மனதளவில் கணக்குப் போட்டு எழுதிய தேதி அவன் எலும்பையும் முந்திக்கொண்டது. அவன் 1999 பங்குனியில் பிறந்திருந்தால் சங்கிலியை அறுத்த நாளில் 18 முடிந்தவன், 2000 பங்குனி என்றால் 17. எது சரியென்று எனக்கு இன்றும் தெரியாது. பதிவேட்டோடு போய்ச் சாட்சி சொன்னேன். சிறையிலிருந்து, விசாரணை முடியும்வரை சிறார்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு மாற்றினார்கள்.

அதோடு முடியவில்லை. கொள்ளையின்போது கொடுங்காயம் என்று அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 397-வது பிரிவைச் சேர்த்திருந்தார்கள். அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு, ஆகவே இளைஞர் நீதிச் சட்டத்தின் கணக்கில் அது கொடுங்குற்றம். 16 முதல் 18 வரை உள்ளவர்கள் கொடுங்குற்றம் செய்தால், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்து, பெரியவர்களைப் போல விசாரிக்க நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். 2012 டெல்லி கொடுமையில் ஆறு பேரில் ஒருவன் 17 வயதுக்காரன், மூன்று ஆண்டில் வெளியே வந்துவிட்டான் என்று நாடே கொதித்தபோது வந்த விதி இது. அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் இருந்தது. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி வர்மா குழுவே 18 வயதைக் குறைக்கச் சொல்லவில்லை.

குற்றம் செய்யும் மனத்திறன் அவனுக்கு இருந்ததா, விளைவு புரிந்ததா என்று அந்த மதிப்பீட்டில் பார்க்க வேண்டுமாம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு, காதைத் தொடச் சொன்ன அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது. அன்று என்னிடமும் சரியான அளவுகோல் இல்லை, ஆனால் நான் முடிவு செய்தது ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையை மட்டும்.

குழுமம் வழக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஏழு மாதம் இல்லத்தில் இருந்துவிட்டான். மீதிக்கு நன்னடத்தைக் கண்காணிப்பும், ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மருத்துவமனையில் சமூக சேவையும் என்று உத்தரவு. முதல் மூன்று வாரம் அவன் போனானா என்று யாரும் பார்க்கவில்லை. நன்னடத்தை அலுவலர் நல்ல மனிதர், ஆனால் அவர் மேஜையில் கோப்புகள் குவிந்து கிடந்தன. சரி, வருகைப் பதிவு எடுப்பது எனக்குப் பழகிய வேலைதானே என்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நானும் போய் நிற்பேன். அவன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் துடைப்பத்தை எடுப்பான்.

இதற்கிடையில் அந்த அம்மாவையும் போய்ப் பார்த்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவனுக்கு 17 வயதுதான் என்று ஆரம்பித்தேன். "எனக்கு 68 வயசுன்னு அவன் பாத்தானா சார்?" என்றார். வாய் திறக்க முடியவில்லை. கிளம்பும்போது, "ஒருக்கா என் முன்னாடி வந்து நிக்கச் சொல்லுங்க. ஏன் தள்ளுனேன்னு அவன் வாயால சொல்லட்டும்" என்றார். சங்கிலியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

உத்தரவில் அதற்கு இடமே இல்லை. பிள்ளைகளைப் பெரியவர்கள் சிறையில் போடக் கூடாது என்பதில் எனக்கு இம்மியும் சந்தேகம் கிடையாது. பூட்டி வைத்தால் திருந்துவான் என்றும் நான் நம்பவில்லை. செங்கல்பட்டு சிறார் இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் உள்ளே போன சில நாட்களில் அடிபட்டு இறந்தான். இல்லப் பணியாளர்களே கைதானார்கள். ஆனால் தான் செய்ததன் எதிரில் ஒரு தடவைகூட நிற்காமல் ஒரு பையன் வெளியே போய்விடுவதும் சரியில்லை. 2024-இல் புனேயில் காரை மோதி இரண்டு பேரைக் கொன்றதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையனுக்கு, 300 சொற்களில் விபத்து பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்களே, அதைப் படித்தபோது அந்த வாக்கர்தான் கண்ணில் நின்றது. காயம்பட்டவர் சம்மதித்தால், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க, முதல் மாதத்திலேயே அவரை நேரில் பார்த்துப் பதில் சொல்வதையும், சம்பாதிக்க ஆரம்பித்ததும் வைத்தியச் செலவில் ஒரு பங்கைக் கொடுப்பதையும் உத்தரவிலேயே எழுத வேண்டும். அவன் எட்டு மணிக்கு வந்தானா என்று பார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.

பதினோராவது ஞாயிறு, கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டைத் திருப்பித் தராமல் நின்றான். அப்புறம், "அந்த ஆயா வீட்டுக்குப் போலாமா சார்?" என்றான். வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. நெய்வேலியில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொல்லி விலாசம் கொடுத்தார்கள். அதை அந்த நோட்டின் பின் அட்டையில் அவனே எழுதிக்கொண்டான். இப்போது ஜேசிபி ஓட்டுகிறான், தீபாவளிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனான். நெய்வேலிக்கு இன்னும் போகவில்லை.