படகோரம் ஒரு பிணம்

நேற்று ராத்திரி ‘தி பிளாங்க் வால்’ என்ற குற்ற நாவலை இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் சாங்ஸே ஹோல்டிங் 1947இல் எழுதியது. கணவன் போருக்குப் போயிருக்கிறான். வீட்டில் வயதான அப்பா, மகன், மகள். ஒரு நாள் காலையில் மகளின் காதலன் படகோரம் செத்துக் கிடக்கிறான். அந்த வீட்டுத் தாய் லூசியா ஹோலி யாரையும் கூப்பிடுவதில்லை. பிணத்தைத் தனியாளாகப் படகில் கொண்டுபோய் மறைத்துவிட்டுத் திரும்புகிறாள். வந்த கையோடு வீட்டு வேலை, ரேஷன் கவலை, கணவனுக்கு எழுதவேண்டிய கடிதம். கடிதத்தில் எல்லாரும் நலம் என்றுதான் எழுத முடிகிறது. அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

துப்பறியும் நாவல்களுக்குப் பேர்போன ரேமண்ட் சாண்ட்லரே கொண்டாடிய எழுத்து இது. அப்படியும் ஹோல்டிங்கின் பெயர் எப்படி மறந்துபோனது?

அதே வருடம் வந்தது டோரதி பி. ஹியூஸின் ‘இன் எ லோன்லி பிளேஸ்’. கொலைகாரனின் மனசுக்குள்ளேயே நம்மை உட்காரவைக்கிறார். ஆனால் அவனைச் சரியாக எடைபோடுவது இரண்டு பெண்கள். 1950இல் படமாக்கியபோது நாயகனை நிரபராதி ஆக்கிவிட்டார்கள். படம் நல்ல படம்தான், ஆனால் நாவலின் முதுகெலும்பே போய்விட்டது.

அப்புறம் மார்கரெட் மில்லர். 1956இல் குற்ற நாவல்களுக்கான எட்கர் விருது வாங்கியவர். இன்றைக்கும் பலருக்குத் தெரிவது துப்பறியும் நாவல்கள் எழுதிய அவர் கணவர் ராஸ் மெக்டொனால்டைத்தான்.

சாரா வைன்மன் தொகுத்து, லைப்ரரி ஆஃப் அமெரிக்கா பதிப்பகம் 2015இல் இப்படிப் பெண்கள் எழுதிய 8 குற்ற நாவல்களை இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தது. அடுத்து அதிலிருந்து சார்லட் ஆம்ஸ்ட்ராங்கின் ‘மிஸ்சீஃப்’. ஓட்டல் அறையில் ஒரு குழந்தை, பார்த்துக்கொள்ள வந்த முன்பின் தெரியாத பெண். படித்தவர்கள் தயவுசெய்து முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.