2006 ஆகஸ்ட் 11

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நேரமே சொல்லத் தேவையில்லை. குடாநாட்டின் வாசலான முகமாலையில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, அது கிளாலி, நாகர்கோவில் வரை நீண்ட முன்னரங்கு முழுக்கப் பரவுதாம் என்று ஆக்கள் கதைத்து முடிப்பதற்குள், புலிகளிடம் இருந்த பூநகரிப் பக்கமிருந்து பலாலி இராணுவத் தளத்துக்கு செல் (எறிகணை) போகத் தொடங்கியது. அன்றிரவே புலிகள் தீவுப்பகுதியில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கம் கடலால் இறங்கினார்கள். தெற்கு, வடக்கு, மேற்கு மூன்று பக்கமும் வெடிச்சத்தம், நடுவில் ஊரடங்கோடு நாங்கள். செல் குத்துகிற சத்தம் கேட்டதும் அம்மா வாய்க்குள் எண்ணத் தொடங்குவா, விழுந்து வெடிக்கும் வரை அவ மூச்சு விடமாட்டா. யன்னல் கண்ணாடி விடிய விடிய அதிர்ந்துகொண்டே இருந்தது.

போர் வரைபடங்களில் அந்த நாள் வெறும் அம்புக்குறிகளாகத்தான் இருக்கிறது, எனக்கு அதுதான் கோபம். யாழ்ப்பாணத்தை வன்னியோடும் தெற்கோடும் இணைக்கிற, 2002 இல் திறந்த ஏ9 பாதை அன்றோடு பூட்டுப்பட்டது. வவுனியாவுக்குப் போன பக்கத்து வீட்டு அண்ணை அங்கேயே நின்றுவிட்டார், மனிசியும் பிள்ளைகளும் இங்கே. பிறகு கூட்டுறவுச் சங்கக்கடை வரிசை, மண்ணெண்ணெய்க்கு அலைச்சல், எல்லாம் கப்பலை நம்பி. 13ஆம் திகதி அல்லைப்பிட்டி தேவாலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் செல் விழுந்து பலர் செத்துப்போனார்கள். சண்டை பிடித்த எந்தத் தரப்பின் வெற்றிக் கணக்கிலும் இவர்கள் இல்லை.

அன்று அங்கே இருந்தவர்கள் கீழே எழுதுங்கோ, முக்கியமாகத் தீவுப்பகுதி ஆக்கள். எங்கள் பிள்ளைகள் வாசிக்க வேண்டும்.