கண்ணுக்கு என்னென்ன பண்ணுனீங்க?

திருப்பூரில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் நான் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது கண் பரிசோதகராகச் சேர்ந்து 13 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் கடைசி 8 ஆண்டுகள் கண் வறட்சிக்கென ஒதுக்கிய அறையில் கழிந்தவை. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண்களும், ஓவர்லாக் தைப்பவர்களும், கணினியில் டிசைன் போடும் இளைஞர்களும்தான் அங்கு அதிகம் வருகிறார்கள். நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை வரை இமைக்கும் கண், தையலையோ திரையையோ உற்றுப் பார்க்கும்போது அதில் பாதியளவு இமைத்தாலே பெரிது. “மணலு போட்டாப்ல உறுத்துதுங்க” என்று ஒருவர் சொல்வார். அடுத்தவரோ, “தண்ணியா ஊத்துது, இதைப் போயி வறட்சிங்கறீங்களே” என்று கேட்பார். கண்ணீர்ப் படலம் நிலையாக நில்லாமல் கிழிந்து கருவிழி உறுத்தும்போது, அந்த உறுத்தலே நரம்பைத் தூண்டி நீரைக் கொட்டவைக்கிறது என்பதை நாள்தோறும் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் இடது கண் சிவந்து வந்தார். ஃப்ளூரசீன் சாயத்தைத் தொட்டு நீல ஒளியில் பார்த்தபோது கருவிழியின் கீழ்ப்பகுதியில், செல்கள் புண்பட்ட இடங்களைக் காட்டும் பச்சைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. மூன்று நாளாக நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டதாகச் சொன்னார். நான் மற்றவர்கள் காதில் விழும்படி அவரைக் கடிந்துகொண்டேன். ஒரு மாதம் கழித்துக் கருவிழிப் புண்ணோடு திரும்பி வந்தவர், மருத்துவர் கேட்டபோது கண்ணில் எதுவுமே விடவில்லை என்றார். புண்ணைச் சுரண்டி எடுத்துப் பார்த்ததில் பூஞ்சை தெரிந்தது. இடையில் வேறு ஏதேதோ இலைச்சாறுகளும் விட்டிருந்ததை நான்கு நாள் கழித்து அவர் மகள்தான் சொன்னாள். பூஞ்சை சாறு வழியே வந்ததா, சோளத்தட்டை பட்ட கீறல் வழியே வந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் மறைத்ததற்கு நான் காரணம் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு என் கேள்வி மாறியது. “ஏதாச்சும் இலை, கிலை புழிஞ்சு விட்டீங்களா?” என்று குற்றவாளியைக் கேட்பது போலக் கேட்பதை விட்டுவிட்டு, “இதுவரைக்கும் கண்ணுக்கு என்னென்ன பண்ணுனீங்க?” என்று கேட்கத் தொடங்கினேன். நோயாளியின் சீட்டில் ‘வீட்டு மருந்து’ என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டேன். அந்த வரியில் நந்தியாவட்டை, பன்னீர், இளநீர், தேன், தாய்ப்பால், திரிபலா ஊறிய தண்ணீர், விளக்கெண்ணெய் எல்லாம் ஏறின. எழுத எழுத, அவற்றைப் பற்றிப் படிக்காமல் இருக்க முடியவில்லை. படித்தபோது, தாவரங்களை ஒதுக்கிப் பேசும் தகுதி எங்கள் மருந்து அலமாரிக்கே இல்லை என்பது தெரிந்தது.

கண் அழுத்த நோய்க்கு 1870-களிலிருந்து பயன்படும் பைலோகார்பின், தென்னமெரிக்க ஜபராண்டிச் செடியின் இலையிலிருந்து பிரித்தெடுத்தது. பாவையை விரிக்கும் அட்ரோபின் பெல்லடோனாச் செடியினுடையது. கண் வறட்சிக்கு நான் நாள்தோறும் மருந்துச் சீட்டில் காணும் செயற்கைக் கண்ணீரில் பெரும்பாலானவற்றைக் கெட்டிப்படுத்துவது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ். அது தாவர நார்ப்பொருளை வேதிமுறையில் மாற்றிச் செய்தது. இன்னொரு வகைச் சொட்டில் இருப்பது கொத்தவரை விதையின் பசை. புட்டியில் நீர்மமாக இருக்கும் அது, கண்ணீரின் காரத்தன்மையைச் சந்தித்ததும் சொட்டிலேயே உள்ள போரேட் உப்புடன் பிணைந்து மெல்லிய கூழாகிக் கருவிழிமேல் தங்குகிறது.

என்னை மிகவும் நெகிழவைத்தது புளியங்கொட்டை. அதன் பருப்பிலுள்ள சைலோகுளுக்கன் என்னும் பல்சர்க்கரையின் கிளைத்த அமைப்பு, கருவிழியோடு கண்ணீரை ஒட்டவைக்கும் மியூசின் என்னும் கோழைப்பொருளை ஒத்தது. ஆகவே அதுவும் ஒட்டிக்கொண்டு, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில் 30 பேருக்கு 90 நாட்கள், புளியங்கொட்டைச் சொட்டையோ புகழ்பெற்ற ஹயலூரோனிக் அமிலச் சொட்டையோ கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய இணையாக நின்றன. எரிச்சல், உறுத்தல் போன்ற சில தொல்லைகளில் 1 விழுக்காட்டுப் புளியங்கொட்டைச் சொட்டு ஒரு படி மேலாகவும் இருந்தது. முப்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் சிறுவயதில் வறுத்துத் தின்ற, ஒற்றையா இரட்டையா ஆடிய கொட்டைக்குள் இப்படியொரு குணம் இருந்ததைப் படித்த இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

பிறகு ஏன் வீட்டில் பிழிந்த சாறு கூடாது? இதை நோயாளிக்கு நேர்மையாக விளக்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கண்ணில் இயல்பாக இருக்கும் நீர் 7 மைக்ரோலிட்டர் அளவுதான்; ஒரு சொட்டு அதைப்போல ஐந்து மடங்கு இருக்கும். அதில் பெரும்பகுதி கன்னத்தில் வழிந்தோ மூக்கில் இறங்கியோ சில நிமிடங்களில் போய்விடும். அந்தச் சில நிமிடங்களுக்குள் உப்புச் செறிவு கூடினால் எரியும், அமிலத்தன்மை மாறினால் மேற்பரப்புச் செல்கள் புண்படும். கிருமி இருந்தால், ஏற்கெனவே காய்ந்து விரிசல் கண்ட கருவிழியில் அது எளிதில் குடியேறும். நந்தியாவட்டையிலோ தும்பையிலோ நல்ல மூலக்கூறு ஒன்று இருக்கலாம். பூவைக் கசக்கும்போது அதனோடு பால், மகரந்தம், தோட்டத்து மண், விரல் நகத்து அழுக்கு எல்லாம் சேர்ந்து வருகின்றன. எந்த நாளில் எவ்வளவு வந்தது என்றும் தெரியாது. ஆலையில் தயாரித்தாலும் இந்த ஆபத்து முற்றிலும் அகல்வதில்லை. இந்தியாவில் தயாராகி அமெரிக்காவுக்குப் போன செயற்கைக் கண்ணீரோடு தொடர்புடைய சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாத் தொற்று, 2023-இல் அங்கே பலரின் பார்வையைப் பறித்தது; நால்வர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு, கிருமி நீக்கத்தைப் பற்றிப் பேசும்போது நான் வீட்டு மருந்தை மட்டும் சுட்டுவதில்லை.

மஞ்சளின் குர்குமின், பச்சைத் தேயிலையின் கேட்டெச்சின் முதலியவை அழற்சியைத் தணிப்பதாக எலிகளிலும் செல் வளர்ப்பிலும் செய்த ஆய்வுகள் தொடர்ந்து வருகின்றன. கண் வறட்சியின் நடுவே அழற்சி இருப்பதால் இந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. ஆனால் குர்குமின் நீரில் கரைவதில்லை, ஒளியில் சிதைகிறது. அதைக் கண்ணுக்குள் கொண்டுசேர்க்கும் வழியே தனி ஆராய்ச்சியாகிவிட்டது.

மனிதர்களிடம் சோதிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கண் வறட்சி பற்றி 2018-இல் வெளியான ட்ரீம் என்னும் அமெரிக்க ஆய்வில் 535 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு மீன் எண்ணெயும் மறுபிரிவினருக்கு ஒப்பீட்டுக்காக ஆலிவ் எண்ணெயும் ஓராண்டு கொடுத்தார்கள். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். ஆலிவ் எண்ணெய் உதவியதா, கவனித்துப் பார்த்துக்கொண்டதே உதவியதா என்று அன்றிலிருந்து விவாதம் நடக்கிறது. மீன் எண்ணெயைப் போலவே ஒமேகா-3 கொழுப்புள்ள ஆளி விதையைப் பற்றி, “ஆளி விதை தின்னு எனக்கு நல்லாப் போச்சு” என்று ஒருவர் சொல்லும்போது நான் மறுக்காமலும் அதை மற்றவருக்குச் சொல்லாமலும் இருப்பது இதனால்தான். பொன்னாங்கண்ணியின் கதை வேறு. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளின் கண் காய்ந்து போன காலத்தில் பாட்டிமார் கீரையைச் சொன்னது சரியான மருத்துவம். திரையையும் தையலையும் பார்த்துக் காய்கிற கண்ணுக்கு அது நல்ல உணவு என்ற அளவில் நிற்கிறது.

சென்ற ஆண்டு அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, கைப்பையிலிருந்து பழுப்பு நிறப் புட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டில் காய்ச்சிய விளக்கெண்ணெய். ராத்திரி படுக்கும்போது ஒரு சொட்டு விட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். கண்ணீர்ச் சுரப்பை அளக்க இமையில் செருகும் ஷர்மர் தாளில் ஐந்து நிமிடத்தில் 6 மில்லிமீட்டர்தான் நனைந்தது. கண்ணீர்ப் படலம் 4 நொடியில் கிழிந்தது. இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் மைபோமியன் சுரப்பிகள் அடைத்திருந்தன. மருத்துவர் அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதிக் கொடுத்தார். பூஞ்சையிலிருந்து கிடைத்த அந்த மருந்து நீரில் கரையாது என்பதால், 2002-இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்ற முதல் சொட்டில் விளக்கெண்ணெயில்தான் அதைக் கரைத்திருந்தார்கள். எண்ணெயின் அளவு 1.25 விழுக்காடு. அதன் சோதனைகளில், மருந்தில்லாத வெறும் எண்ணெய்க் குழம்பு கூடப் பலருக்கு இதமளித்தது. இதை எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் அவரிடம் சொன்னேன்.

“அப்ப இதும் நம்ம எண்ணெய்தானா அம்மணி?”

“நம்ம எண்ணெய்தானுங்கம்மா. கிருமி நீக்கி, கண்ணு தாங்குற அளவுக்குப் பொடிப்பொடியாத் தண்ணியில கலந்தது.”

சற்று நேரம் புட்டியையே பார்த்திருந்தவர், “அப்ப இது வெளக்குக்கு ஆகட்டும்” என்று பைக்குள் வைத்துக்கொண்டார். சுடுநீர்த் துணி ஒற்றடத்தைப் பத்து நிமிடம் எப்படிக் கொடுப்பதென்றும், வேலைக்கு நடுவே நிறுத்தி எப்படி முழுதாக இமைப்பதென்றும் காட்டி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்தபோது கண்ணீர்ப் படலம் 7 நொடி நின்றது. மருந்தா, எண்ணெயா, ஒற்றடமா, இமைப்பா என்று ஒரே ஒருவரின் கண்ணைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. நான்கையும் சீட்டில் எழுதிவைத்தேன். ‘வீட்டு மருந்து’ வரியில் என்ன எழுதுவது என்று கேட்டபோது, போன மாதம் ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் நந்தியாவட்டைப் பூவை நனைத்து மூடிய இமைமேல் மட்டும் வைத்துக்கொண்டதாக, தானாகவே சொன்னார்.