பெட்டியைத் திறக்காமல் தேனீ பார்ப்பது: என் கடைசி செமஸ்டர் புராஜெக்ட்

முதல் கூட்டம் பன்னிரண்டாம் நாள் ஓடிப்போய்விட்டது. பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்காக டிசம்பரில் மார்த்தாண்டம் பக்கத்தில் வாங்கி வந்த இந்தியத் தேனீப் பெட்டி அது. காலையில் போய்ப் பார்த்தால் வாசலில் ஒன்றுகூட இல்லை. உள்ளே வெறும் அடை, கைவிடப்பட்ட சில புழுக்கள், ஓரமாக எறும்பு வரிசை. எறும்புதான் விரட்டிவிட்டது என்று இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

பெட்டி தந்த மாமா ஒரே கேள்விதான் கேட்டார்: "மக்களே, நீ எத்தனை தடவ தொறந்த?"

தினமும். சில நாள் இரண்டு தடவை. மூடியைத் தூக்கி, அடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இராணி இருக்கிறதா என்று தேடுவேன். "அதுக்க வீட்ட நீ தெனமும் பொளிச்சுப் பாத்தா அது இருக்குமா?" என்றார். இந்தியத் தேனீ அப்படித்தான். தொந்தரவு, பட்டினி, வெயில், எறும்பு எது கூடினாலும் கூண்டோடு இடம் மாறிவிடும். என் கூட்டத்தைக் கிளப்பியது என் ஆர்வம்தான்; எறும்பு பிறகு வந்து சேர்ந்தது.

ஜனவரியில் அவரே இரண்டாவது கூட்டம் தந்தார். இந்தத் தடவை தென்னை நிழலில், வாசல் கிழக்கே பார்க்க வைத்தோம். தாங்கியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்தினோம். வாரம் ஒருமுறை, மழை இல்லாத காலையில், தேங்காய் நார்ப் புகை லேசாகக் காட்டி, பத்து நிமிடத்துக்குள் மூடிவிடுவது என்று முடிவு. மற்ற நாளெல்லாம் வாசலுக்குப் பக்கவாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்வதுதான் வேலை. நேர் முன்னால் உட்காராதீர்கள், அது அவற்றின் பாதை. கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சு முட்டுவதோ, உடம்பெல்லாம் தடிப்பதோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. அதில் விளையாட்டு வேண்டாம்.

புராஜெக்ட் உண்மையில் ஆரம்பித்தது அந்த ஸ்டூலில்தான். காலை 7, 10, மதியம் 1, மாலை 4 என்று நான்கு வேளை, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். திரும்பி வரும் தேனீக்களில் பின்னங்காலில் மகரந்தம் உள்ளவை எத்தனை, வெறுங்காலோடு வருபவை எத்தனை என்று கோடு போட்டுக்கொண்டே போனேன். வெயிலா மேகமா என்று பக்கத்தில் ஒரு வார்த்தை. இவ்வளவுதான் கருவி.

பிப்ரவரியில் ஒரு குழப்பம். வருகிற கூட்டம் கூடிக்கொண்டே போகிறது, மகரந்தம் மட்டும் அதற்கேற்பக் கூடவில்லை. தவறாக எண்ணுகிறேனோ என்று பயந்தேன். பிறகு மாமா ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு இளங்கொத்தை வளைத்துக் காட்டினார். மூன்று இலைகளும் காம்பில் சேரும் இடத்தில் பளபளவென்று ஈரம். தொட்டு நக்கினால் இனிப்பு. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலையுதிர்ந்து புதிதாகத் துளிர்க்கும்போது இந்தக் காம்புச் சுரப்பிகளில் ஊறுகிறது. பூவே இல்லை என்றால் மகரந்தம் எங்கிருந்து வரும்! என் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இன்னொரு பயம் இதைவிடப் பெரியது. ஒரு சட்டத்தில் ஆண் தேனீ அறைகளின் மூடி ஒவ்வொன்றிலும் நடுவே ஊசி குத்தியதுபோல ஓட்டை. 1991-92-இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் சாக்புரூட் (Thai sacbrood) வைரஸ் வந்து தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்ததை அப்போதுதான் படித்திருந்தேன். கை நடுங்க மாமாவுக்குப் போட்டோ அனுப்பினேன். சிரித்தார். இந்தியத் தேனீயின் ஆண் அறை மூடி அப்படித்தான் இருக்குமாம். நான் வைத்திருந்த பாடநூல் படமோ ஐரோப்பியத் தேனீயுடையது, அதில் ஓட்டை கிடையாது.

வாசலில் விசிறுவதிலும் இதே கதை. வெக்கையான மதியம் பணித்தேனீக்கள் பலகையில் நின்று இறக்கையடிக்கும். ஐரோப்பியத் தேனீ தலையைப் பெட்டிப் பக்கம் வைத்து விசிறும், இந்தியத் தேனீ தலையை வெளியே நீட்டி நிற்கும். புத்தகத்துக்கு மாறாக இருக்கிறதே என்று என் குறிப்பை அடித்துத் திருத்தி எழுதியிருந்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் அந்தப் பக்கத்தில்தான் விரலை வைத்தார்.

"இது ஏன் அடிச்சிருக்கு?"

உண்மையைச் சொன்னேன். அடித்த வரிதான் சரி என்றார். அடுத்த பத்து நிமிடம் முழுக்க அந்த வரியைப் பற்றியே கேட்டார். வரைபடம், புள்ளியியல் அட்டவணை எதையும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே பேனாவில் எழுதுங்கள், அழிக்காதீர்கள். பொருந்தாததைப் பொருந்தாமலே விடுங்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போதும்.

அப்புறம் ஒன்று. படிப்பு முடிந்தபின் பெட்டி யாரிடம் போகும் என்பதை வாங்கும்போதே பேசி வையுங்கள். ரப்பர் சீசன் முடிந்து மழை தொடங்கினால் வெளியே தீனி குறைவு. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து வைக்க ஓர் ஆள் வேண்டும், நாமோ அப்போது எம்.எஸ்சி. விண்ணப்பத்தோடு அலைந்துகொண்டிருப்போம். என் பெட்டி இருட்டிய பிறகு, வாசலில் துணி அடைத்து, மாமாவின் ஸ்கூட்டரில் அவர் தோட்டத்துக்கே திரும்பிப் போயிற்று.