தோளிலிருந்து படுக்கைக்கு: பதினேழாம் நாள்

நேற்று மதியம் 1.40க்குப் பையனைக் கிடத்தினேன். 2.25 வரை அசையவில்லை. பதினேழு நாளில் முதல் முழு வெற்றி.

பையனுக்கு ஐந்து மாதம். தூங்கவைப்பதைப் பற்றி விளக்கப் போவதில்லை. தோளில் போட்டு நடை பழகாதவர் இதைப் படிக்கவே மாட்டார். சிக்கலெல்லாம் கீழே விடுவதில்தான். பஞ்சுமூட்டையாகத் தோளில் கிடப்பவன், கிடத்தப்போகும்போது இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு துள்ளி எழுவான். 1918இலேயே எர்ன்ஸ்ட் மோரோ என்ற மருத்துவர் எழுதிவைத்த அனிச்சைச் செயல்தான் இது. ஆறு மாத வாக்கில் பெரும்பாலும் மறைந்துவிடுமாம். எனக்கு அதுவரை பொறுமை கிடையாது.

முதல் பத்து நாள் மெத்தைமேல்தான் பழி போட்டேன். குளிர்ச்சியாக இருக்கிறதென்று வெந்நீர்ப் பையை வைத்துச் சூடாக்கி எடுத்துப் பார்த்தேன். விரிப்பை மூன்று முறை மாற்றினேன். கட்டில் முனகுகிறதென்று திருகாணிகளை எல்லாம் முடுக்கினேன். கட்டில் இப்போது பாறை மாதிரி நிற்கிறது. பையன் வழக்கம்போல எழுந்துகொண்டிருந்தான்.

பிறகுதான் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. 21 குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். குழந்தையை உசுப்புவது மெத்தை அல்ல, தாயின் உடலை விட்டுப் பிரியத் தொடங்கும் கணம். அழும் குழந்தையை ஐந்து நிமிடம் தூக்கி நடந்து, தூங்கியதும் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, அப்புறம் கிடத்தச் சொல்கிறார்கள். நான் தூங்கிய மறு நொடியே கிடத்திக்கொண்டிருந்தேன். ஆத்திரம் என்மேலா, மெத்தைமேலா என்று தெரியவில்லை.

இப்போதைய முறை: முதலில் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியில் தலை. என் நெஞ்சு அவனை விட்டு விலகுவது எல்லாவற்றுக்கும் பிறகு. அதுவரை கட்டில்மேல் கவிழ்ந்த நாற்காலி போல நிற்க வேண்டும், முதுகு கெஞ்சும். மல்லாந்த நிலைதான், தலையணை எதுவும் கிடையாது. ஒரு கை அவன் வயிற்றின்மேல் லேசாக. தலைக்கடியில் இருக்கும் கையை உடனே உருவக் கூடாது. அறுபது எண்ணிவிட்டு, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக. கட்டைவிரல்தான் துரோகி. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், ஒன்பதாம் நாள் அதில் ஒரு முடி சிக்கி எல்லாம் பாழானது.

கிடைத்த நாற்பத்தைந்து நிமிடத்தில் குரோஷே (ஒரே கொக்கியூசியால் பின்னுவது) போர்வையில் இரண்டு வரிசை ஏறியது. முன்பு பின்னலூசி இரண்டை வைத்துக்கொண்டு பின்னியவன்தான் நான். அதில் பாதியில் எழுந்து ஓடினால் வரிசை முழுக்கக் கண்ணிகள் ஊசியைவிட்டு நழுவும். குரோஷேயில் உயிரோடிருப்பது, அதாவது அவிழக்கூடியது, ஒரே ஒரு கண்ணி. அதில் ஊக்கைக் குத்திவிட்டு ஓடலாம். நூல் விற்பவர் இம்முறை வேறு தடவை சாயமேற்றிய நூலை அனுப்பிவிட்டார், 31ஆம் வரிசைக்குமேல் நீலம் ஒரு படி வெளுத்திருக்கிறது. பிரிக்கப் போவதில்லை. மூத்தவளுக்குக் கையில்லாத மேற்சட்டை ஒன்றும் மனத்தில் இருக்கிறது. போர்வை பாதிகூட ஆகவில்லை.

குறித்துவைக்க வேண்டியது வேறு ஒன்றும் உண்டு. அந்த எட்டு நிமிடத்தை நான் செலவுக் கணக்கில்தான் எழுதிவந்தேன். நேற்று இருட்டறையில் உட்கார்ந்திருந்தேன். அவன் மூச்சுப் பட்டு என் கழுத்தெலும்புக் குழி ஈரமாகியிருந்தது. சட்டைக் கழுத்தை ஒரு கை பிடித்திருந்தது. பிடி தளரத் தளர விரல்கள் பூப்போல விரிந்தன. கதவு திறந்தது. நான்கு வயதுக்காரி, கேள்வி நிச்சயம் என்று நினைத்தேன். அவள் வந்து என் மறுபக்க விலாவில் சாய்ந்து, தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் என்னிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எட்டு நிமிடம் ஆனது தெரிந்தும் பதினொன்று வரை உட்கார்ந்தேன். ஆய்வில் அதற்கு ஆதாரம் இல்லை.

"அப்பா, இப்போது கிடத்தலாமா?" என்று காதோடு கேட்டதும் அவள்தான்.

இன்று காலை: தோல்வி. நடுவிரல் வரை வந்துவிட்டேன், தும்மல் வந்துவிட்டது. எனக்கு.