வாவி ஆய்வும் ஐந்து பெயர்களும்

மட்டக்களப்பு வாவியில் 18 மாதம் உப்புத்தன்மையும் இறால் குஞ்சும் அளந்தோம். கட்டுரையை எழுத நாலு மாதம் போனது. யார் பெயரை எங்கே போடுவது என்று முடிவெடுக்க அதைவிடக் கூடப் பிடித்தது.

முதல் வரைவில் ஐந்து பெயர். முதலில் நான், கடைசியில் மேற்பார்வையாளர், நடுவில் புள்ளிவிவரம் பார்த்த நண்பர், இறுதியாண்டு மாணவி, அப்புறம் ஒரு பெரியவர். பெரியவர் ஒருநாளும் தோணியில் ஏறியதில்லை, வரைவையும் பார்க்கவில்லை. "வழமையாப் போடுறதுதானே" என்றார்கள்.

நாங்கள் அனுப்ப இருந்த இதழ், மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைக் கேட்டது. ஆய்வில் கணிசமான பங்கு, வரைவை எழுதியது அல்லது ஆழமாகத் திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், 2013 இல் சேர்ந்த நான்காவதாக, கேள்வி எழுந்தால் பொறுப்பேற்பது. நான்கும் இருக்க வேண்டும். பெரியவர் கதை அதோடு முடிந்தது. இரண்டு கிழமை முகம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சிக்கல் மறுபக்கத்தில் இருந்தது. ஆய்வுப் பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கும் 'கிரெடிட்' பட்டியலை எடுத்து, எந்த வேலையை யார் செய்தது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நிரப்பினோம். 'முறை வகுத்தல்' என்ற இடத்தில் மூன்று தாளில் ஒரே பெயர்: ஆய்வுகூடத்து அண்ணன். வரைவில் அவர் பெயரே இல்லை. மாரியில் மேலே நன்னீர், அடியில் உப்பு நிற்கும், இரண்டு ஆழத்திலும் எடுங்கள் என்று முதல் மாதமே சொன்னவர் அவர். நான் அதை 'எங்கள் முறை' என்று எழுதியிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"அவர் வரைவில் கை வைக்கவில்லையே, இரண்டாம் நிபந்தனை இல்லை" என்றார் நண்பர். ஆனால் முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு வரைவைத் திருத்தவும் இறுதி ஒப்புதல் சொல்லவும் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. பந்தியில் இருத்தாமலே சாப்பிடவில்லை என்று எழுத முடியாது.

வரைவைக் கொண்டு கல்லடியில் அவர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் இருந்து பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னேன். மூன்றாம் படத்தில் நிறுத்தினார். "தம்பி, மழை விட்டதால உப்புக் கூடினது எண்டு எழுதியிருக்கிறீங்க. அது முகத்துவாரம் வெட்டின கிழமை. கடல் தண்ணி உள்ளுக்கு வந்தது." குறிப்பேட்டைப் புரட்டினேன். சரி. இரண்டு பந்தியைத் திருப்பி எழுதினோம்.

தோணிக்காரரையும் கேட்டேன். "பேரைப் போடுங்க. ஆனா பிழை வந்தா நான் வந்து பதில் சொல்ல மாட்டன்" என்றார். நான்காம் நிபந்தனையை இவ்வளவு தெளிவாக வேறு யாரும் சொன்னதில்லை. ஒப்பம் வாங்கி நன்றியுரையில் சேர்த்தோம்.

அண்ணன் பெயர் இரண்டாவது. படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் என்ன எழுத என்று போன் எடுத்துக் கேட்டேன்.

"அப்பாட பேர்தான். மேற்கோள் காட்டுற ஆக்கள் அந்தப் பேரைத்தானே எழுதுவாங்க?"

"ஓம் அண்ணன்."

"அப்ப எழுதுங்க. எனக்கு வாவியைக் காட்டித் தந்ததே அவர்தானே."